பதினான்கு மூடிகளும் ஒரு கையும்

"மூடினது யாரு?"

"நான்தான். வேற யாரு மூடுவா? முப்பத்தோரு வருஷமா இந்த ரூம்ல—"

"எல்லாத்தையுமா? அக்கா, பதினாலு பாட்டிலையுமா—"

"பதினாலையும்தான்! பாதியை மூடிட்டு மீதியை எறும்புக்கு விடச் சொல்றீங்களா—"

"ஐயோ, சாவியை எடுக்காதீங்க! பீரோ பக்கமே போகாதீங்க—"

"போகாம எப்படித் தொடைக்கிறது? கீழ பாருங்க, எப்படி ஒழுகிக் கெடக்கு—"

"ஒழுகட்டும்! தள்ளி வாங்கக்கா!"

"நீங்க மொதல்ல தள்ளுங்க டீச்சர், கண்ணாடி குத்திடப் போகுது!"

அமிலத்தை அடக்கி, ஆவியைச் சிறைப்பிடித்து, அலமாரிகளை அரண்மனைபோல் காத்த அம்மையே! பீக்கரையும் பிப்பெட்டையும் பெற்ற பிள்ளைகளைப் போலக் குளிப்பாட்டித் துடைத்து வரிசையில் நிறுத்திய பெருந்தகையே! முப்பத்தோராண்டுகள் முறுக்கிய மூடிகளில் ஒன்றே ஒன்று நீங்கலாக ஒன்றும் முறை தவறாத மணிக்கட்டுக்கு உரியவரே! பதிவேட்டில் ஆய்வக உதவியாளர் என்றும், பிள்ளைகள் வாயில் மூடியக்கா என்றும் பெயர் பெற்ற எங்கள் அக்காவே! பணி நிறைவு பெறும் இந்நாளில் உடன் உழைத்தோர் அனைவரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

மேடையில் வாசித்துச் சட்டம் போட்டு மாட்டப்படும் மடல் சண்டையில் தொடங்குவது முறையன்று என்று தலைமையாசிரியை அம்மையார் இருமுறை எச்சரித்தார்கள். நாங்களும் யோசித்துப் பார்த்தோம். உங்கள் குரல் இல்லாத மடல் உங்களுக்கு உரியதாகாது. உங்கள் குரலோ சண்டையில்தான் முழுதாய் வெளிப்படும். ஆகவே அம்மையாரின் எச்சரிக்கையைப் பணிவோடு ஏற்று, ஓரமாய் எடுத்து வைத்துவிட்டு, தொடங்கியபடியே தொடர்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "சரி சரி, வேலை கெடக்கு" என்று நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். உங்கள் இருபத்தைந்தாம் ஆண்டுப் பாராட்டில் கைத்தட்டல் அடங்குவதற்குள் நீங்கள் குழாயடியில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்ததை நாங்கள் மறக்கவில்லை. எனவே இன்று உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. யாரோ ஓர் அக்காவைப் பற்றி, யாரோ ஒரு டீச்சரைப் பற்றி ஒரு கதை சொல்கிறோம். கதை கேட்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இராது. அமர்ந்து கேட்டருள்க!

அந்த அக்காவின் ஆய்வகத்தில் ஆறு மேசைகள், நான்கு ஜன்னல்கள், கிழக்கு ஜன்னலுக்கு எதிரே ஓர் இரும்பு பீரோ. அவர் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் யாரோ திறந்து வைத்துவிட்டுப் போன அம்மோனியா பாட்டில் ஒரு வகுப்பையே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓட வைத்தது. அன்றுமுதல் அந்த அறையில் வாய் திறந்த பாட்டில் ஒன்றையும் யாரும் கண்டதில்லை. அவர் மூடி போடும் விதமே தனி. உள்ளங்கையால் அழுத்தி, ஒரே மூச்சில் திருகி, கடைசியில் மணிக்கட்டால் ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்குக்குப் பிறகு அந்த மூடியை அவரைத் தவிர வேறு எவராலும் திறக்க முடியாது.

இது பள்ளி முழுதும் அறிந்த செய்தி. ஒரு கையால் மேசையைத் தூக்கும் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருநாள் கிளிசரின் பாட்டிலோடு மல்லுக்கட்டி, முகம் சிவந்து, பிறகு அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அக்காவிடம் வந்து நின்றார். "இது கொஞ்சம் துரு ஏறிடுச்சு போல" என்றார். பிளாஸ்டிக் மூடி! அக்கா யாரோடோ பேசிக்கொண்டே இரண்டு விரலால் திறந்து கொடுத்து, "பழக்கம்தான் சார், மனசை விட்டுறாதீங்க" என்று ஆறுதலும் சொல்லி அனுப்பினார்.

கதையில் வரும் டீச்சரோ வேறு மாதிரி. அறிவியல் கற்பிப்பவர், ஆனால் தீக்குச்சி உரசும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, ஸ்பிரிட் விளக்கை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பார். வரும்போதெல்லாம் விளக்கு அணைந்து, மூடி, துடைத்து வைக்கப்பட்டிருக்கும். "நான் இருக்கேன்ல, போங்க டீச்சர்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். இனிச் சொல்லப்போகும் பயமெல்லாம் அந்த டீச்சருடையது. அவரே எங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஒன்பதாம் வகுப்புக்கு உயிரி எரிபொருள் பாடம். கனிந்து கறுத்த வாழைப்பழத்தை மசித்து, சர்க்கரையும் வெதுவெதுப்பான தண்ணீரும் ஈஸ்டும் கலந்து, பதினான்கு கண்ணாடிப் பாட்டில்களில் முக்கால் அளவு ஊற்றினார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும். தின்றதில் ஒரு பங்கு எத்தனாலாகும், மறுபங்கு வாயுவாகி வெளியேறும். எத்தனாலைக் காய்ச்சி வடித்தால் எரிபொருள். வாயு போக வழி வேண்டும் என்பதால் பாட்டில் வாயில் வெறும் பஞ்சு. எல்லாம் சரியாக நடந்தது. பஞ்சைப் பற்றி அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில்தான், மகளுக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தது. கையில் கிடைத்த தாளில் 'தொட வேண்டாம்' என்று இரண்டு சொல் எழுதி, பாட்டிலுக்கு அடியில் செருகிவிட்டு ஓடினார்.

மாலையில் அக்கா வந்து பார்த்தார். பதினான்கு பாட்டில்களும் வாயில் பஞ்சோடு திறந்து கிடந்தன. மேசைக் கால் வழியே எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் விடுமுறை வேறு. பஞ்சை எல்லாம் எடுத்து ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தினார். அந்தந்தப் பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்தார். அழுத்தி, திருகி, சொடுக்கினார். பதினான்கையும் பீரோவின் நடுத்தட்டில் அடுக்கிப் பூட்டினார். மேல்தட்டில் ஸ்பிரிட் டப்பா, கீழ்த்தட்டில் அமில பாட்டில்கள். முப்பத்தோராண்டாய் எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே.

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு டீச்சர் படியேறும்போதே அந்த வாடை வந்தது. புளித்த பழமும் சாராயமும் கலந்த நெடி. உள்ளே பீரோவின் கதவிடுக்கிலிருந்து பழுப்பாய் ஒரு திரவம் வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கையில் துடைக்கும் துணியும் மறுகையில் சாவிக்கொத்துமாய் நின்றார். ஒரு பாட்டில் ஏற்கெனவே வெடித்துவிட்டது என்பது டீச்சருக்கு ஒரு நொடியில் புரிந்தது. மீதிப் பதின்மூன்றும் இரண்டு நாள் வாயுவை உள்ளே அடக்கிக்கொண்டு இரும்புக் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன என்பது அடுத்த நொடியில் புரிந்தது. அப்போது தொடங்கிய சண்டைதான் நீங்கள் முதலில் கேட்டது.

"தொட வேண்டாம்னு எழுதி வச்சிருந்தேனேக்கா!"

"தொடலையே. துணி வச்சுப் பிடிச்சுத்தான் மூடினேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பாடவேளை ஒன்பது மணிக்கு. ஒன்பதாம் வகுப்பு, இதே அறை.

"பிள்ளைங்க யாரும் மாடி ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். தலைமையாசிரியை அம்மையார் தாமதிக்கவில்லை. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினார். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். முக்கால் மணி நேரமாகும், யாரும் எதையும் தொடாதீர்கள் என்றார்கள். தொடாமல் இருப்போம் என்று மூவரும் ஆய்வக வாசலில் நின்றார்கள். அம்மையார் தற்காப்புக்காக ஒரு குப்பைத்தொட்டி மூடியைக் கேடயம்போலப் பிடித்திருந்தார் என்பதை வரலாறு மறைக்கக் கூடாது.

"டப்!"

பீரோ ஒருமுறை அதிர்ந்தது. உள்ளே கண்ணாடி சலசலவென்று கொட்டும் சத்தம் கேட்டது. இரண்டாவது போயிற்று.

"மேல ஸ்பிரிட் இருக்கு" என்றார் அக்கா மெதுவாக. "கீழ ஆசிட் இருக்கு."

டீச்சர் கிழக்கு ஜன்னலைப் பார்த்தார். வெயில் மேசையைத் தாண்டி வந்துவிட்டது. இன்னும் கால் மணியில் பீரோவின் கதவைத் தொடும். இரும்பு சூடானால் உள்ளே இருப்பதும் சூடாகும். பன்னிரண்டில் ஒன்று வெடித்துச் சிதறி ஓர் அமில பாட்டிலை உடைத்தால் போதும்.

"நான் திறக்கறேன்" என்றார் டீச்சர். தம் வாய்தானா அதைச் சொல்லிற்று என்று அவருக்கே ஐயமாயிருந்தது.

"நீங்களா? தீக்குச்சிக்கே மூஞ்சியத் திருப்புவீங்க."

"நான் சொல்லாம விட்டதுனால வந்ததுக்கா இது."

"நான் மூடினதுனால வந்தது. மூடினவதான் தொறக்கணும்."

"உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் இருபத்து மூணு நாள்தான் இருக்கு!"

"அதான் சொல்றேன். உங்களுக்கு இருபத்து மூணு வருஷம் இருக்கு. கண்ணும் கையும் உங்களுக்குத்தான் அதிகம் வேணும்."

"ரெண்டு பேரும் கண்ணாடி போட்டீங்களா?" என்றார் அம்மையார் கேடயத்துக்குப் பின்னாலிருந்து. வேண்டாம் என்று தடுக்கவே அவர் வாயெடுத்தார். பீரோவுக்குள் கண்ணாடித் துண்டு ஒன்று மறுபடி சரிந்தது. தடை கேள்வியாய் மாறிவிட்டது.

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தார்கள். தடித்த கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது, ஆளுக்கொன்றாய்ப் போட்டுக்கொண்டார்கள். தோட்டக்காரரின் சாக்குகளைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் அடங்கும் என்பது டீச்சருக்குத் தெரியும். எவ்வளவு அடங்கும் என்பது தெரியாது.

அக்கா பூட்டுக்குச் சாவியைக் கொண்டுபோனார். அப்போது டீச்சருக்கு ஒரு சத்தம் கேட்டது. சாவிக்கொத்து கிலுகிலுவென்று குலுங்கியது. பூட்டின் வாயில் சாவி ஒருமுறை தட்டி, வழுக்கி, மறுபடி தட்டியது.

"பயமா இருக்காக்கா?"

"பயமெல்லாம் இல்ல."

"பின்ன கை ஏன் இப்படி..."

"இது பயம் இல்ல டீச்சர். இது ஒரு வருஷமா இருக்கு."

பன்னிரண்டு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெடி. அவற்றைத் திறக்க உலகத்தில் ஒரே ஒரு கை. அந்தக் கை நடுங்குகிறது.

"யாருக்குத் தெரியும்?"

"இப்ப உங்களுக்கு. கொஞ்சம் தள்ளி நிக்கிறதால அம்மாவுக்குப் பாதி."

"டாக்டர்கிட்ட?"

"பாட்டிலைப் பாருங்க டீச்சர்."

கதவு திறந்தது. நடுத்தட்டில் உடைந்த கண்ணாடியின் நடுவே பன்னிரண்டும் நின்றன. மூடிகள் லேசாய்ப் புடைத்திருந்தன. டீச்சர் ஈரச் சாக்கை மெல்ல அவற்றின் மேல் போர்த்தினார். முதல் பாட்டிலின் கழுத்தைச் சாக்கோடு பிடித்து, முகத்தைத் திருப்பாமல், ஆம், முகத்தைத் திருப்பாமல், மூடியைத் திருகினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை. பாட்டில் தட்டில் வழுக்கிப் பக்கத்துப் பாட்டிலோடு 'டிங்' என்று மோதியது.

அம்மையார் கேடயத்தை முகம்வரை உயர்த்தினார். ஒன்றும் ஆகவில்லை.

"போதும், விடுங்க" என்றார் அக்கா. "இது பலத்துல வர்றதில்ல. நீங்க வெடுக்குன்னு இழுத்தா வெடுக்குன்னுதான் வரும். மெதுவா கால் சுத்து. காத்து போகணும், நிக்கணும், மறுபடி கால் சுத்து."

"உங்க கை ஆடுதேக்கா."

"ஆடுது. அதனால நீங்க பாட்டிலைப் பிடிக்க வேணாம். பாட்டிலை நான் பிடிக்கறேன். நீங்க என் கையைப் பிடிங்க."

அப்படியே செய்தார்கள். அக்காவின் இடக்கை சாக்குக்குள் பாட்டிலை அணைத்திருந்தது. வலக்கை மூடியின் மேல். அந்த வலக்கையின் மணிக்கட்டை டீச்சரின் இரண்டு கைகளும் சுற்றிப் பிடித்தன. உள்ளே நரம்பு ஒன்று சிறு பறவையைப்போலத் துடித்துக்கொண்டே இருந்ததை டீச்சர் உணர்ந்தார். இறுக்கிப் பிடித்தால் அடங்கியது, தளர்த்தினால் துடித்தது.

"வலிக்குதா?"

"நீங்க பிடிக்கறதுதான் வலிக்குது. பரவால்ல, பிடிங்க."

உஸ்ஸ்ஸ்...

முதல் பாட்டில் நீண்ட பெருமூச்சு விட்டது. வாசலில் கேடயம் கால் அங்குலம் இறங்கியது.

இரண்டு. மூன்று. நான்காவதைத் திறக்கும்போது டீச்சர் கேட்டார், "ஏன்க்கா இவ்வளவு இறுக்கமா மூடினீங்க? வழக்கமா இதுல பாதிதானே?"

"கை ஆட ஆரம்பிச்சதுலேருந்து, சரியா மூடினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம். அதனால எல்லாத்துக்கும் இன்னொரு சொடுக்கு."

ஐந்தாவது நுரையைக் கக்கி இருவர் முகத்திலும் தெளித்தது. அம்மையார் அலறினார். "ஒண்ணுமில்லம்மா, வாழைப்பழம்தான்!" என்று அக்கா பதிலுக்குக் கத்தினார். ஆறு, ஏழு, எட்டு. வெயில் பீரோவின் கால்வரை வந்துவிட்டது. ஒன்பதாவதில் மூடி அசைய மறுத்தது. அக்கா நிறுத்தி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுவிட்டு மறுபடி தொட்டார். மைதானத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் பிள்ளைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணவைத்துக் கைகால் அசைக்கவைக்கும் குரல் ஜன்னல் வழியே வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் டீச்சர் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவதைத் திறந்தபோது சத்தமே வரவில்லை.

அக்கா மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பாட்டிலின் கழுத்தைப் பார்த்தார். மூடி நேராக உட்காரவில்லை. மரை ஏறாமல் கோணலாய்ப் பற்றியிருந்தது. இரண்டு நாளும் அந்த இடுக்கின் வழியே வாயு தன்பாட்டுக்கு வெளியேறிக்கொண்டிருந்தது. எப்படி இருக்க வேண்டும் என்று டீச்சர் நினைத்தாரோ அப்படியே இருந்தது அந்த ஒரு பாட்டில்.

"இதை நானா மூடினேன்?"

டீச்சர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "அக்கா, பதினாலுல ஒழுங்கா இருந்தது இது ஒண்ணுதான்!"

அக்கா சிரிக்கவில்லை. மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷத்துல கோணலா ஒரு மூடி போட்டதில்ல டீச்சர்" என்றார். பிறகு அதை முந்தானையில் துடைத்து மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு பாட்டில்களும் திறந்தே இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு அவர் அறையைவிட்டு வெளியே வந்தது அதுவே முதல் முறை.

தீயணைப்பு வண்டி வந்தபோது அக்கா தரையைத் துடைத்து முடித்து, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்று அவர்களை வாசலிலேயே நிறுத்தினார்.

அன்று மாலை தலைமையாசிரியையின் மேசைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. 'தவறு என்னுடையது, ஆய்வக உதவியாளருக்கு நான் உரியபடி சொல்லவில்லை' என்றது ஒன்று. 'தப்பு என்னோடது, டீச்சர் மேல ஒண்ணும் இல்ல' என்றது மற்றொன்று. இரண்டு பேரும் அடுத்தவர் கடிதத்தைக் கிழித்துப் போடும்படி தனித்தனியே வந்து வேண்டிக்கொண்டார்கள். அம்மையார் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து, பாதுகாப்பு விதிகள் என்று புதிதாய் ஒரு பலகையை எழுதி மாட்டினார். அதன் முதல் விதி: 'நொதிக்கும் எதையும் மூடாதே.' இரண்டாம் விதி: 'சொல்லிவிட்டுப் போ.'

அந்தப் பன்னிரண்டு பாட்டில் சாற்றையும் வடிகட்டி, டீச்சர் மேற்பார்வையில் காய்ச்சி வடித்தார்கள். கடைசியில் கிடைத்த எத்தனால் ஒரு ஸ்பிரிட் விளக்கைக்கூட நிரப்பவில்லை. பற்றவைத்தபோது நீலமாய், இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய ஒரு சுடர். ஒன்பதாம் வகுப்பு கைதட்டியது. கதவோரம் நின்ற அக்கா, "இதுக்குத்தானா இவ்வளவு கூத்து?" என்றார். ஆனாலும் அந்தச் சுடர் அணையுமுன் ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தது. அதில் தேநீர் போட்டு முதலில் அவருக்குத்தான் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். அதுவரை அவர் ஒரு கையால் குடிப்பதைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். அல்லது, பார்த்ததாக நினைத்திருந்தோம்.

கதை முடிந்தது, அக்கா. இனி நேரே உங்களிடமே பேசுகிறோம். எழுந்து போகாதீர்கள்.

உங்கள் கையைப் பற்றி இந்த மடலில் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "எழுதுங்க. அடக்கி அடக்கி வச்சதுலதானே பாட்டில் வெடிச்சுது" என்றீர்கள். அதன் பிறகே எழுதினோம். இம்முப்பத்தோராண்டில் இவ்வறையில் ஒரு பிள்ளைக்கும் தீக்காயம் பட்டதில்லை, ஒரு கண்ணிலும் துளி தெறித்ததில்லை என்றால் அதற்குக் காரணம் எந்த விதிப்பலகையும் அன்று, உங்கள் உள்ளங்கை. பாடம் நடத்தியவர்கள் நாங்கள். பத்திரமாய் வீடு சேர்த்தவர் நீங்கள். எங்கள் பயத்தையெல்லாம் உங்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் நிம்மதியாய்ப் பேருந்து ஏறினோம். உங்கள் பயத்தை நீங்கள் யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லையே! அந்தக் குறையை இம்மடலில் எழுதி, அது சட்டத்துக்குள் என்றும் எங்கள் கண்ணெதிரே தொங்கக் கடவது என்று விதித்துக்கொள்கிறோம்.

நாளைமுதல் அந்த அறைக்குள் நுழையவே எங்களுக்கு அச்சமாய் இருக்கிறது. விளக்கை அணைத்தோமா என்று திரும்பி வருவோம். உள்ளேயிருந்து குரல் வராது. ஆயினும் எங்களுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். பழகிக்கொள்வோம், மூடியவற்றைத் திறக்கவும் எப்படியோ கற்றுக்கொள்வோம். அந்தக் கோணல் மூடி இனி எவர் பாட்டிலிலும் ஏறாது. இம்மடலின் சட்டத்தில், கீழ் மூலையில், கண்ணாடிக்குள் பதித்திருக்கிறோம். அது உங்கள் தவறு என்று நீங்கள் சொல்வீர்கள். எங்கள் எண்ணம் வேறு.

காலை எழுந்ததும் சாவி தேட வேண்டாத நாட்கள் உங்களுக்கு வாய்க்கட்டும்! சூடான தேநீர் சிந்தாமல் உங்கள் உதடு சேரட்டும்! உங்கள் கைக்கு ஓய்வும், ஓய்வுக்கு உறக்கமும், உறக்கத்துக்குப் பின் அச்சமற்ற விடியலும் ஆண்டுகள் பலப்பல தொடரட்டும்! நோயற்று, நெடுநாள், எங்களைத் திட்டுவதற்கேனும் நலமாய் இருங்கள்!

என்றும் உங்கள் குரலுக்குச் செவிசாய்க்கும்,
தலைமையாசிரியை, ஆசிரியர்கள், அலுவலகத்தார், தோட்டக்காரர், காவலர்
மற்றும் ஒன்பதாம் வகுப்பு.

இதன் கீழ் அறிவியல் டீச்சர் தம் கைப்பட ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மடலில் பேச்சுவழக்கு கூடாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. அவர் எழுதியபடியே வாசிக்கிறோம்:

"அக்கா, வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். ஒம்பதரைக்கெல்லாம் நான் வண்டியோட உங்க வீட்டு வாசல்ல நிப்பேன். கதவைத் தொறப்பீங்கல்ல?"